எட்டு வருடத்துக்கு எந்த ஊர்: செயின்ட் லூயிஸா, நியூயார்க்கா?

அக்கா மகள் இரண்டு வாரமாக என்னைத் தூங்க விடுவதில்லை. அமெரிக்காவில் எம்டி (அங்கே அதுதான் டாக்டருக்கு முதல் பட்டம், நம்ம ஊர் எம்பிபிஎஸ் மாதிரி), பிஎச்டி இரண்டையும் சேர்த்துப் படிக்க ஓர் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, அவளுக்கு இரண்டு கிடைத்திருக்கிறது. ஒன்று செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் (பெயரைப் பார்த்துத் தலைநகரம் என்றோ சியாட்டில் பக்கம் என்றோ நினைத்துவிட வேண்டாம், இது மிசௌரி மாநிலம்). இன்னொன்று நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியும் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகமும் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையமும் சேர்ந்து நடத்தும் ட்ரை-இன்ஸ்டிட்யூஷனல் திட்டம். ஏப்ரல் 30-க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். "சித்தி, இந்தக் கிணத்துல விழுந்து எழுந்தவங்க நம்ம வீட்ல நீங்க ஒருத்தர்தான், நீங்களே சொல்லுங்க" என்கிறாள். நான் படித்தது இந்த இரண்டிலும் இல்லை, மூன்றாவது ஓர் இடம், அதனால் இரண்டின் மீதும் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது. அவளிடம் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோத்து எழுதுகிறேன்.

முதலில் காசைப் பேசிவிடலாம், ஏனென்றால் அதில்தான் வீட்டார் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுமே எம்எஸ்டிபி வகை, அதாவது மருத்துவரே ஆராய்ச்சியாளராகவும் இருக்கப் பயிற்சி தருவதற்காக அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் 1964-இல் தொடங்கிய நிதியில் பங்கு பெறுபவை. செயின்ட் லூயிஸ் 1969-இலேயே அதற்குள் வந்துவிட்டது. நியூயார்க்கில் கார்னெல்லுக்கு ராக்கஃபெல்லரோடு ஒரு திட்டம், ஸ்லோன் கெட்டரிங்கோடு ஒரு திட்டம் என்று தனித்தனியாக இருந்தன, 1991-இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இரண்டு இடத்திலும் மருத்துவப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, பிஎச்டிக்கும் இல்லை, மேலே உதவித்தொகை வேறு. லட்சக்கணக்கான டாலர் கடனோடு வெளியே வரும் எம்டி மாணவர்களைப் பார்த்திருக்கும் என் அக்காவுக்கு இது லாட்டரி விழுந்த மாதிரி. லாட்டரிதான், ஆனால் சீட்டின் விலை எட்டு வருடம். சராசரியே சுமார் எட்டு, ஒன்பது பத்து என்று இழுத்தவர்களும் உண்டு, ரெசிடென்சி, அதாவது டாக்டரான பிறகு மருத்துவமனையில் எடுக்கும் துறைப் பயிற்சி எல்லாம் அதற்கு அப்புறம்தான். கூடப் படித்தவள் டாக்டராகி வீடு வாங்கிக் குடிபோன பிறகும் நீ பைப்பெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய் என்று சொன்னேன், சிரித்தாள். இருபத்திரண்டு வயதில் நானும் சிரித்தேன்.

ராங்கிங் பற்றி ஒரே வரி: இரண்டும் உச்சியில் இருப்பவை, இவற்றுக்குள் எது மேல் என்று பார்க்கிற நேரத்தில் துணி துவைக்கலாம்.

சரி, அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? நல்ல எம்டி பல இடங்களில் கிடைக்கும், நல்ல பிஎச்டியும் பல இடங்களில் கிடைக்கும். இந்தத் திட்டங்கள் உண்மையில் நமக்குத் தருவது அந்த இரண்டையும் சேர்க்கும் தையலைத்தான். தையல் இரண்டு இடத்தில் விழுகிறது. மருத்துவ வகுப்பை முடித்துவிட்டு லேபுக்குள் போகிற இடம் ஒன்று, நாலைந்து வருடம் கழித்து லேபை விட்டு வார்டுக்குத் திரும்புகிற இடம் இன்னொன்று. ஆள் வழுக்கி விழுவது இந்த இரண்டு இடங்களில்தான், அதிலும் இரண்டாவதில் அதிகம். விளம்பரத் தாளில் நோபல் பரிசு வரும், சிரிக்கிற மாணவர் படம் வரும், இதைப் பற்றி அரை வரி வருவதுகூட அபூர்வம்.

என் கதையையே சொல்கிறேன். தீசிஸை ஆகஸ்டில் முடித்தேன். நான் படித்த இடத்தில் வார்டுக்குத் திரும்ப ஆண்டுக்கு இரண்டே வாசல், ஜூலை வாசல் மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது, அடுத்தது ஜனவரி. ஐந்து மாதம் எந்த ஊரும் இல்லாத ஆளாக அலைந்தேன். லேபில் என் மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், மருத்துவமனையில் என் அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. கைடு "ஒரு சின்ன பரிசோதனை மட்டும்" என்று ஆரம்பித்தது மூன்று பரிசோதனையாக வளர்ந்தது, அதுவும் சம்பளமில்லாத நன்றிக்கடனாக. ஜனவரியில் வார்டுக்குள் நுழைந்த முதல் நாள், காலை ரவுண்ட்ஸில் நோயாளியின் கதையைச் சொல்லச் சொன்னார்கள். ஐந்து வருடம் எலிகளின் கதையை மட்டுமே சொல்லிப் பழகிய வாய், பொட்டாசியம் அளவைச் சொல்லவே மறந்துவிட்டது. என்னைத் திருத்தியவர் யார் தெரியுமா? முதல் வருடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடற்கூறு படித்தவர். அவர் எம்டி மட்டும் படித்தார், முடித்தார், இப்போது அவர் ரெசிடென்ட், நான் இன்னும் மாணவி. நல்ல மனிதர், ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் கூச்சமாக இருந்தது.

ஆகவே அவளிடம் இரண்டு இடத்திலும் முதலில் கேட்கச் சொன்னது: பிஎச்டி முடித்தவர் வார்டுக்குள் நுழைய ஆண்டுக்கு எத்தனை வாசல்? நடுவில் இருக்கும் லேப் வருடங்களில் நோயாளியைப் பார்க்க வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு கிளினிக் உண்டா, அது கட்டாயமா, இல்லை 'விரும்பினால் போகலாம்' வகையா? (விரும்பினால் போகலாம் என்றால் யாரும் போவதில்லை. லேபில் ஓடிக்கொண்டிருக்கும் வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனை எந்தக் கிளினிக்கையும் மதிக்காது.) திரும்புகிறவர்களுக்கு ஊசி குத்துவதிலிருந்து நினைவுபடுத்த ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்களா? ஒன்பதாவது வருடத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், பிஎச்டியையோ எம்டியையோ பாதியில் விட்டவர்கள் எந்தக் கட்டத்தில் விட்டார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு இயக்குநர் நேராக எண்ணைச் சொன்னால் நல்ல இடம். "எங்கள் குடும்பத்தில் எல்லாரும்" என்று ஆரம்பித்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தேர்வு முறை மாறியதும் இந்த இரண்டாவது தையலின் பாரத்தைக் கூட்டிவிட்டது. எங்கள் காலத்தில் டாக்டர் உரிமத்துக்கான முதல் தேர்வான ஸ்டெப் 1-இன் மதிப்பெண்தான் தலையெழுத்து, அதை லேபுக்குப் போகும் முன்பே எழுதித் தொலைத்துவிடுவோம். 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1-க்குத் தேர்ச்சியா இல்லையா மட்டும்தான். அடுத்த தேர்வான ஸ்டெப் 2 சிகே-வுக்கு இன்னும் மதிப்பெண் உண்டு, அதைப் பொதுவாக எழுதுவது லேபிலிருந்து திரும்பிய பிறகு. ஆக, ரெசிடென்சிக்காரர்கள் பார்க்கப்போகும் அந்த ஒரே எண், மருத்துவத்தைப் பாதி மறந்து திரும்பிய ஆள் எழுதுவது. திரும்புகிறவரை எப்படித் தாங்குகிறார்கள் என்பது முன்பைவிட இப்போது முக்கியம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் செயின்ட் லூயிஸுக்கு ஒரு பலம் தெரிகிறது, அது வெறும் ஆள்பலம். ஆண்டுக்கு ஏறக்குறைய 25 பேர், நாட்டிலேயே மிகப் பெரிய எம்எஸ்டிபி-களில் ஒன்று. எல்லா ஆண்டுகளையும் சேர்த்தால் இருநூறு பேர் அளவுக்கு வரும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூட்டமே வார்டுக்குத் திரும்புகிறது, போன வருடம் திரும்பியவர்கள் அடுத்த தளத்தில் இருக்கிறார்கள். என்னைப்போல் தனியாகப் போய் முழிக்க வேண்டாம். தவிர, 2020-இல் பாடத்திட்டத்தை மாற்றியதில் வகுப்பறைக் கட்டம் 16 மாதமாகச் சுருங்கியது. நியூயார்க்கில் வைல் கார்னெல்லிலும் அது ஏறக்குறைய ஒன்றரை வருடம்தான், அதனால் அந்தக் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நியூயார்க் கூட்டம் சிறியது, ஆண்டுக்கு இருபதைத் தொடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கூட்டத்தில் இயக்குநருக்கு உன் பெயர் தெரியும், உன் தீசிஸ் கமிட்டியில் யார் முரண்டு பிடிக்கிறார் என்பதும் தெரியும். பெரிய கூட்டத்தில் சீனியர்களுக்குத் தெரியும். எனக்குக் கேட்டால், இயக்குநருக்குத் தெரிவதைவிடச் சீனியர்களுக்குத் தெரிவது மேல், இயக்குநர் மாறிப்போவார்.

இனி அவளுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அவள் படிக்க நினைப்பது உடலின் எதிர்ப்புச் சக்தி புற்றுநோயை எப்படி அடையாளம் காண்கிறது, எப்போது கோட்டைவிடுகிறது என்பதை. இதில் நியூயார்க்கின் பரம்பரை ஆழமானது. 1890-களில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், பாக்டீரியாவை ஊசி மூலம் செலுத்திக் கட்டியைக் கரைக்கப் பார்த்தது இன்றைய மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கின் மூதாதையான மருத்துவமனையில்தான். எதிரில் ராக்கஃபெல்லரில் 1973-இல் ரால்ஃப் ஸ்டைன்மேனும் ஸான்வில் கோனும், எதிர்ப்புச் சக்திக்கு எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்லைக் கண்டுபிடித்தார்கள். பல வருடம் கழித்து ஸ்டைன்மேனுக்கே கணையப் புற்றுநோய் வந்தது, தான் கண்ட செல்லை வைத்தே தனக்குத் தடுப்பு மருந்து செய்து போட்டுக்கொண்டார். 2011-இல் அவருக்கு நோபல் அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது, கமிட்டிக்கு அது தெரியாது. மருத்துவர், ஆராய்ச்சியாளர், நோயாளி என மூன்று வேலையையும் ஒரே ஆள் பார்த்த இடம் அது. இதைப் படித்துவிட்டு ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் நியூயார்க் என்று சொல்லாமல் எப்படி இருப்பாள்?

ஆனால் செயின்ட் லூயிஸும் சும்மா இல்லை. எதிர்ப்புச் சக்தி கட்டியைத் தடுப்பது மட்டுமல்ல, தப்பிக்கும் கட்டி எப்படி இருக்கும் என்பதையும் அதுவே செதுக்குகிறது என்று எலிகளில் காட்டிய 2001-ஆம் ஆண்டு கட்டுரை, செயின்ட் லூயிஸின் ராபர்ட் ஷ்ரைபர் குழுவும் நியூயார்க்கின் லாய்ட் ஓல்டும் சேர்ந்து எழுதியது. அவள் இப்போது இதுவா அதுவா என்று அடித்துக்கொள்ளும் இரண்டு ஊரும் ஒரே கட்டுரையில் இருக்கின்றன. 2008-இல் ஒரு புற்றுநோயாளியின் முழு மரபணுத் தொகுதியையும், புற்றுச் செல்லிலும் சாதாரணச் செல்லிலும், முதன்முதலாக வரிசைப்படுத்தியதும் செயின்ட் லூயிஸ்தான், ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுடையது. எனவே அறிவியலில் ஒன்று குறைச்சல் என்று யாராவது சொன்னால் நம்பாதே என்றேன்.

வித்தியாசம் அமைப்பில் இருக்கிறது. செயின்ட் லூயிஸில் ஒரே பல்கலைக்கழகம், மருத்துவ வளாகம் ஒன்று, உயிரியல் பிஎச்டி எல்லாம் ஒரே பிரிவின் கீழ், துறைச் சுவர் தாண்டி யாரிடம் வேண்டுமானாலும் சேரலாம். நியூயார்க்கில் மூன்று நிறுவனம். மூன்றும் யார்க் அவென்யூவில் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன, நடந்தால் சில நிமிடம்தான், ஆனால் மூன்றுக்கும் தனித்தனி நிர்வாகம், தனித்தனி குணம். ராக்கஃபெல்லரில் துறை என்பதே கிடையாது, ஒவ்வொரு லேபும் தலைவரின் பெயரில் தனி நாடு மாதிரி. தன் கேள்வியை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்கு அது சொர்க்கம், யாரும் குறுக்கே வரமாட்டார்கள். தேடிக்கொண்டிருப்பவருக்கு அதே காரணத்தால் கொஞ்சம் தனிமை. போன வருடம் இவள் நரம்பியல் என்றாள், அதற்கு முந்தைய வருடம் மலேரியா. நான் குறை சொல்லவில்லை, ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஒரே கைடை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ இன்று சேர்ந்தால் லேபுக்குள் முழுநேரமாக உட்காரவே ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். அதற்குள் கைடு ஊர் மாறலாம், நிதி தீரலாம், ஓய்வு பெறலாம். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் ஆராய்ச்சிக்காக 2020-இல் நோபல் வாங்கிய சார்லஸ் ரைஸ், பரிசுக்குக் காரணமான முக்கியமான பரிசோதனையைச் செய்தபோது செயின்ட் லூயிஸில் இருந்தார். 2001-க்குள் ராக்கஃபெல்லருக்குப் போய்விட்டார். எம்டி-பிஎச்டி மாணவரின் பாடு இதில் சாதாரண பிஎச்டி மாணவரைவிடக் கஷ்டம், ஏனென்றால் கைடோடு ஊர் மாறினாலும் திரும்பி வந்து முடிக்க வேண்டிய எம்டி பழைய ஊரிலேயே கிடக்கும். அதனால் ஒரு கைடு அல்ல, மூன்று பேராவது பெயர் சொல்ல முடிகிற ஊராக இருக்க வேண்டும். அவர்களின் என்ஐஎச் நிதி எந்த வருடம் முடிகிறது என்பதை ரிப்போர்ட்டர் என்ற அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒளிவுமறைவே இல்லை. அவளை உட்காரவைத்துத் தேடச் சொன்னேன். செயின்ட் லூயிஸுக்கு ஐந்து பெயர் தேறியது, நியூயார்க்குக்கு ஆறு, ஆனால் நியூயார்க் ஆறில் அவள் நிஜமாகவே ஆசைப்படுவது ஒரே ஒரு பெயரை. அவரிடம் இதுவரை எம்டி-பிஎச்டி மாணவர்கள் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடத்தில் என்று கேட்டால், அவளிடம் பதில் இல்லை. வெறும் பிஎச்டி மாணவரை ஏழு வருடம் வைத்திருப்பவர் உன்னையும் வைத்திருப்பார், அவருக்கு நீ வார்டுக்குத் திரும்ப வேண்டிய ஆள் என்பது நினைவிலேயே இருக்காது.

ஊர் விஷயம். அக்காவுக்கு செயின்ட் லூயிஸ் என்றால் குற்றச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. பயம் பொய்யில்லை, ஆனால் மருத்துவ வளாகம் இருக்கும் சென்ட்ரல் வெஸ்ட் எண்ட் பக்கத்தை மாணவர்கள் நடந்தே சுற்றுகிறார்கள், ஓரமாக ஃபாரஸ்ட் பார்க் வேறு. அது சுமார் 1,300 ஏக்கர், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 843 தான், இதைச் சொன்னால் நியூயார்க்காரர்களுக்கு முகம் சுண்டிப்போகும். விமான நிலையத்துக்கு நேராக ரயில் உண்டு, ஆனாலும் கார் இல்லாமல் காலம் தள்ளுவது சிரமம். நியூயார்க்கில் கார் வேண்டாம். மாணவர்களுக்கு மானிய வாடகையில் குடியிருப்பு தருகிறார்கள், அது இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் உதவித்தொகையை வைத்துக்கொண்டு ஓர் அலமாரிக்குள்தான் குடியிருக்க முடியும். மானியம் இருந்தும் இடம் சின்னது. கல்யாணம், குழந்தை என்று எட்டு வருடத்தில் எதுவும் நடக்கலாம், ஒற்றை ஆளுக்குப் போட்ட கணக்கு அப்போது செல்லாது. செயின்ட் லூயிஸில் மாணவர்களாக இருந்துகொண்டே சிலர் வீடே வாங்குகிறார்கள், நியூயார்க்கில் அதைக் கனவிலும் பார்க்க வேண்டாம்.

வரியை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நான் சொல்கிறேன். உதவித்தொகைக்கு வருமான வரி உண்டு, ஆனால் பெரும்பாலும் முன்கூட்டியே பிடிக்க மாட்டார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாமே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். எனக்கு இது முதல் ஏப்ரலில்தான் தெரிந்தது, அந்த மாதம் முழுக்க நான் சாப்பிட்டதைச் சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் மாநில வரிக்கு மேல் நகர வருமான வரியும் தனியாக உண்டு.

படித்து முடித்த பிறகு என்ன ஆகும் என்பதில் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் காணோம். பொது மருத்துவத்தில் ஆராய்ச்சிப் பாதை என்று ஒன்று உண்டு, வழக்கமான மூன்று வருட ரெசிடென்சியை இரண்டாக்கி, சிறப்புத் துறைப் பயிற்சியோடு மூன்று வருடம் லேபுக்கு ஒதுக்குவார்கள். இரண்டு இடத்திலிருந்தும் அதற்குப் போகலாம். அவளுக்குப் புற்றுநோய் மருத்துவம்தான் என்றால், படிக்கும்போதே ஸ்லோன் கெட்டரிங் மாதிரி புற்றுநோய் மட்டுமே பார்க்கும் மருத்துவமனையின் வார்டில் நிற்பது பெரிய விஷயம், இதை மறுக்கவில்லை. அதேசமயம் மாணவியாக இருக்கும்போது எல்லா நோயையும் பார்ப்பது நல்லது, மிசௌரி, தெற்கு இல்லினாய் கிராமங்களிலிருந்து, செயின்ட் லூயிஸ் மாணவர்கள் பயிற்சி பெறும் பார்ன்ஸ்-ஜூயிஷ் மருத்துவமனைக்கு வந்து சேரும் நோயாளிகளில் புத்தகத்தில் இருக்கும் அத்தனையும் இருக்கும்.

விசாவில் வந்து இதை யோசிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு குறுக்கு வார்த்தை. அரசு தரும் எம்எஸ்டிபி பயிற்சி நிதியை அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான் செலவிடலாம். மற்றவர்களை எடுத்தால் கல்லூரி தன் கைக்காசைப் போட வேண்டும், அதனால் இடமும் குறைவு, எடுக்கும் கல்லூரிகளும் குறைவு. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். இவள் இங்கே பிறந்தவள், இந்தத் தலைவலி இல்லை.

என் ஓட்டு செயின்ட் லூயிஸுக்கு. அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிற ஆள், தனியாக விட்டால் சுருண்டுபோகிற ஆள், பக்கத்தில் பத்துப் பேர் இருந்தால் இரவு இரண்டு மணிக்கும் வேலை பார்ப்பாள். இருநூறு பேர் இருக்கும் இடத்தில் அவள் கெட்டுப்போக வழியில்லை. நியூயார்க் என்று ஓட்டை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரே காரணம் போதும்: அந்த ஒற்றைப் பெயர்க்காரர், இரண்டு வருடம் கழித்து ஒரு இடம் வைத்திருப்பேன், என் நிதி அதற்கு அப்புறமும் இருக்கிறது, என்னிடம் படித்த எம்டி-பிஎச்டி மாணவர்கள் இன்னார், பேசிப்பார் என்று எழுதிக் கொடுக்கட்டும். நேற்று ராத்திரி அவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறாள், மூன்று முறை என்னிடம் படித்துக் காட்டினாள், மூன்றாவது முறை 'தங்கள் மேலான' என்கிற மாதிரி வரிகளை எல்லாம் நான் அடித்துவிட்டேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.